எஸ்.டி.எஸ். (பாதுகாப்புத் தரவுத் தாள்) பிரிவு 14-ல் "கட்டுப்பாடு இல்லை" என்றிருக்கிறது, ஃபார்வர்டர் ஏற்க மறுக்கிறார்: யார் சொல்வது சரி?

#1 புதுச்சரக்கு

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை சாலைவழி அனுப்புகை மட்டும் பார்த்துவந்த என்னிடம் இப்போது கடல்வழி ஏற்றுமதியையும் ஒப்படைத்திருக்கிறார்கள். முதல் ஆர்டரிலேயே இழுபறி.

ஆர்டரில் மூன்று பொருட்கள். முதலாவது, இயந்திர பாகங்களில் படியும் கிரீஸை எடுக்கும் திரவம், 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில். மினரல் ஸ்பிரிட் 65 சதவீதம், ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் டி-லிமோனீன் 30 சதவீதம், மிச்சம் சோப்பு வகை. இரண்டாவது, 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள தரை கிளீனர், 5 லிட்டர் கேன்களில். மூன்றாவது, பேட்டரியில் ஓடும் கை ஸ்பிரேயர். பேட்டரி அதே பெட்டிக்குள், ஆனால் ஸ்பிரேயரில் மாட்டாமல் தனியாக இருக்கும்.

கிரீஸ் திரவத்தை ஒரு அமெரிக்க உற்பத்தியாளரிடம் மொத்தமாக வாங்கி எங்கள் பெயரில் அடைத்து விற்கிறோம். அவர்கள் கொடுத்த எஸ்.டி.எஸ். பிரிவு 14-ல் ஒரே வரி: போக்குவரத்துக் கட்டுப்பாடு இல்லை. சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரோ பிரிவு 9-ல் ஃபிளாஷ் பாயின்ட் (திரவத்தின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை) 43°C என்று இருப்பதைக் காட்டி, "இது வகுப்பு 3, டி.ஜி. (அபாயச் சரக்கு) டிக்ளரேஷன் இல்லாமல் புக்கிங் போடமாட்டேன்" என்கிறார். எங்கள் விற்பனைப் பிரிவு "உற்பத்தியாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார், வேறு ஃபார்வர்டரைப் பார்" என்கிறது. நான் யார் பேச்சைக் கேட்பது?

#2 டிஜி_டெஸ்க்

ஃபார்வர்டர் பேச்சை. வேறு ஆளைத் தேட வேண்டாம், கிடைத்தவர் நல்லவர்.

கடலில் அபாயச் சரக்குக்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐ.எம்.டி.ஜி. கோட்தான் சட்டம். 2004 ஜனவரி 1-லிருந்து கட்டாயம். இப்போது நடப்பில் இருப்பது 42-24 திருத்தம், அது 2026 தொடக்கத்திலிருந்து கட்டாயமாகிவிட்டது. அதில் மூடிய கோப்பைச் சோதனையில் ஃபிளாஷ் பாயின்ட் 60°C அல்லது அதற்குக் கீழே இருந்தால் வகுப்பு 3, தீப்பற்றும் திரவம். அபாயத்தின் அளவைக் காட்டுவது பேக்கிங் குரூப், I மிக அதிகம், III குறைவு. 23-க்குக் கீழே என்றால் குரூப் II. 23 முதல் 60 வரை III. கொதிக்கத் தொடங்குவதே 35°C-க்குள் என்றால் I. உங்கள் திரவம் 43. வகுப்பு 3, குரூப் III.

"எஸ்.டி.எஸ்.-ல் இருக்கிறதே" என்று தினமும் யாராவது என்னிடம் சொல்கிறார்கள். வகைப்படுத்த வேண்டியது சரக்கை அனுப்பும் ஷிப்பர். எஸ்.டி.எஸ். எழுதியவரோ, ஃபார்வர்டரோ, கப்பல் லைனோ அல்ல. டிக்ளரேஷனின் அடியில் "சரியாக வகைப்படுத்தி, கட்டி, குறியிட்டு, லேபிள் ஒட்டியிருக்கிறேன்" என்று கையெழுத்துப் போடுவது உங்கள் ஆள். பிரிவு 14 ஒரு தகவல், அவ்வளவுதான். பிரிவு 3-ல் என்ன கலந்திருக்கிறது, பிரிவு 9-ல் என்ன அளந்திருக்கிறார்கள், இந்த இரண்டையும் முதலில் படியுங்கள். 14 அவற்றோடு ஒத்துப்போனால் சந்தோஷம். போகவில்லை என்றால் 14 எழுதியவரிடம் கேள்வி கேளுங்கள்.

இன்னொன்று: உங்கள் 12 சதவீத பெராக்சைடும் டி.ஜி. 8 முதல் 20 சதவீதத்துக்குள் இருந்தால் யூ.என். 2984 (அபாயப் பொருளுக்கான ஐ.நா. எண்), வகுப்பு 5.1 (ஆக்சிஜன் ஏற்றி), குரூப் III. அதைப் பற்றி யாரும் பேசவில்லை போலிருக்கிறதே?

#3 ரசாயனி

எஸ்.டி.எஸ். எழுதுவதுதான் என் பிழைப்பு. அந்த உற்பத்தியாளர் பொய் எழுதியிருக்க வேண்டிய அவசியமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுச் சாலை விதியில் ஒரு சலுகை உண்டு. ஃபிளாஷ் பாயின்ட் 38°C அல்லது அதற்கு மேல் இருந்து, வேறு அபாய வகுப்பு எதிலும் சேராத திரவத்தை "எரியத்தக்க திரவம்" என்று மறுவகைப்படுத்தலாம். 450 லிட்டருக்கு மேற்படாத கலன்களில் போனால் அதற்கு விதிகளே பொருந்தாது. உங்கள் 43°C அதற்குள் கச்சிதமாக அடங்குகிறது. ஆக அவர் ஊர் லாரிக்கு அந்த வரி சரி. கப்பலுக்கும் விமானத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. எந்த வழிக்கு எழுதியது என்று குறிப்பிடாமல் விட்டதுதான் அவர் தவறு. ஒழுங்காக எழுதியிருந்தால் சாலை, கடல், வான் என்று தனித்தனி வரி இருந்திருக்கும்.

அடுத்து, அந்த 43 எப்படி அளந்தது என்று பாருங்கள். பிரிவு 9-ல் பக்கத்திலேயே சோதனை முறை இருக்க வேண்டும். திறந்த கோப்பையில் அளந்தால் ஆவி வெளியே போய்விடுவதால் எண் உயர்ந்து காட்டும். திறந்த கோப்பை 62 என்று எழுதி "60-க்கு மேல், வகுப்பில் சேராது" என்று முடித்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன். மூடிய கோப்பையில் அதே திரவம் ஐம்பதுகளில் இருக்கும்.

இன்னொரு விஷயம் உங்கள் தயாரிப்புப் பிரிவுக்கு. கலவையின் ஃபிளாஷ் பாயின்ட் சராசரியாக வராது. எளிதில் ஆவியாகும் பொருள்தான் அதைக் கீழே இழுக்கும். "சீக்கிரம் காயட்டும்" என்று யாராவது கொஞ்சம் ஐசோபிரோப்பனால் சேர்த்தால் 43 என்பது 23-க்குக் கீழே இறங்கிவிடலாம். குரூப் III, II ஆகிவிடும். கட்டுமானம், அளவு வரம்பு எல்லாம் மாறும். எஸ்.டி.எஸ். மட்டும் பழைய எண்ணோடு கோப்பில் கிடக்கும்.

கடைசியாக, 30 சதவீத டி-லிமோனீன். நீர்வாழ் உயிர்களுக்கு மிகவும் நச்சு. அந்த வகைப் பொருள் கலவையில் 25 சதவீதத்தை எட்டினால் கலவையே கடல் மாசுப் பொருள். ஆக 20 லிட்டர் கேனில் தீச்சுடர் லேபிளோடு செத்த மீனும் பட்டமரமும் உள்ள குறியும் வரவேண்டும். "ஆரஞ்சுத் தோல், நூறு சதவீதம் இயற்கை" என்று உங்கள் விற்பனைப் பிரிவு அச்சடித்த லேபிளுக்குப் பக்கத்திலேயே அந்த மீன் படுத்திருக்கும். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

#4 சும்மாகேட்டேன்

எல்லாரும் ரொம்ப பயமுறுத்துறீங்க. நான் வியாபாரி, நேராப் பேசறேன். டி.ஜி.-ன்னு சொன்ன உடனே லைன் சர்சார்ஜ் போடுவான், ஸ்பேஸ் இல்லைம்பான், ஒரு வாரம் தள்ளிப்போகும். எனக்குப் போட்டியா இருக்கிறவன் அதே சரக்கை "கிளீனிங் லிக்விட்"-னு போட்டு வருஷக்கணக்கா அனுப்பிட்டுத்தான் இருக்கான். ஒண்ணும் வெடிக்கல. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு சமாச்சாரம், தீக்குச்சி போட்டாலே சட்டுன்னு பத்தாது. 43 டிகிரின்னா என்ன, சும்மா இருக்கிற கேன் தானா எரிஞ்சிடுமா?

#5 அலைகடல்

நண்பரே, கன்டெய்னர் கப்பலில் சீஃப் ஆபீசராக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து பதில்.

தானாக எரியாது. ஆனால் வெயிலில் நிற்கும் கன்டெய்னரின் கூரைக்குக் கீழே காற்று 60 டிகிரி தாண்டுவது சாதாரணம். உள்ளே ஒரு கேன் கசிந்தால் 43 டிகிரி திரவம் அங்கே எரியக்கூடிய ஆவியைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் கன்டெய்னரில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் ஷிப்பர் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்லாவிட்டால் உங்களுடையதை எரிபொருள் தொட்டியின் சூட்டுக்கு மேலே, அல்லது ஆக்சிஜன் ஏற்றிப் பொருளுக்குப் பக்கத்தில் வைப்பேன். வைக்கக் கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கப்பலில் யாரும் கன்டெய்னரைத் திறந்து பார்ப்பதில்லை. எங்களிடம் இருப்பது டி.ஜி. மேனிஃபெஸ்ட் (அபாயச் சரக்குப் பட்டியல்) ஒன்றுதான். புகை வந்தால் அந்த இடத்தின் எண்ணைப் பார்த்து, யூ.என். எண்ணை எடுத்து, அவசரநிலை அட்டவணையைப் புரட்டுவோம். யூ.என். 1993 என்றால் தீக்கு எஃப்-இ, கசிவுக்கு எஸ்-இ. தண்ணீர் அடிக்கலாமா கூடாதா, எந்த உடுப்பு, எந்தப் பக்கம் காற்று, எல்லாம் அதிலிருந்துதான். "கிளீனிங் லிக்விட்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2012 ஜூலையில் எம்.எஸ்.சி. ஃபிளாமினியா அட்லாண்டிக் நடுவே எரிந்தது. டைவினைல்பென்சீன், சூடு பட்டால் தானாகவே பாலிமராகி இன்னும் சூடாகும் சரக்கு. மூன்று மாலுமிகள் இறந்தார்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல். நைட்ரிக் அமிலம் இருந்த கன்டெய்னர் கசிகிறது என்று முன்னமே தெரிந்தது. வழியில் இரண்டு துறைமுகங்களில் இறக்கக் கேட்டும் நடக்கவில்லை. மே 20 அன்று தீ, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. கரை முழுக்கப் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கப்பலில் 1,486 கன்டெய்னர்கள். அத்தனை பேர் சரக்கும் போனது.

உங்கள் போட்டியாளர் இதுவரை பிழைத்திருக்கிறார் என்பது அவருடைய சாமர்த்தியம் இல்லை. அவர் சரக்கின் மேலும் கீழும் இருந்த மற்றவர்கள் ஒழுங்காக டிக்ளேர் செய்ததால் வந்த பிழைப்பு.

#6 சும்மாகேட்டேன்

கடைசி வரி சுருக்குன்னு இருக்கு. சரி, ஒத்துக்கறேன்னு வெச்சுக்குங்க. ஆனா சர்சார்ஜ் யாரு குடுப்பா? அதுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க.

#7 யார்டுராஜா

வழி இருக்கு, அதை டிஜி_டெஸ்க் அண்ணன் சொல்லுவாரு. அதுக்கு முன்னாடி நான் கன்டெய்னர் லோடு பண்ற ஆளா ஒண்ணு சொல்லிக்கறேன். புதுச்சரக்கு தம்பி, உங்க கிரீஸ் திரவமும் பெராக்சைடும் ஒரே கன்டெய்னர்ல போகாது. 20 லிட்டர் கேனா அனுப்பினா போகவே போகாது. வகுப்பு 3-க்கும் 5.1-க்கும் பிரிவினை அட்டவணையில 2-ன்னு இருக்கும். 2-ன்னா வேற வேற கன்டெய்னர். ஒரே பெட்டியில முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வெச்சு நடுவுல பலகை அடிக்கிற கதையெல்லாம் ஆகாது. ரெண்டு கன்டெய்னர் புக் பண்ணணும்.

லோடு பண்றதுல நான் பாக்கிற விஷயங்கள்: லேபிள் வெளிப்பக்கம் தெரியுற மாதிரி கேன் நிக்கணும். கடைசி வரிசையாவது தெரியணும். மூடி மேல்பக்கம். அம்புக்குறி எதிரெதிர் ரெண்டு பக்கத்துல இருக்கணும், அதைப் பாத்து அடுக்கணும். பேலட்டுக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி இருந்தா மரமோ காத்துப் பையோ வெச்சு அடைக்கணும். கப்பல் ஆடுற ஆட்டம் லாரி குலுங்குறது மாதிரி இல்ல, பக்கவாட்டுல மணிக்கணக்கா தள்ளும். ஸ்ட்ரெச் பிலிம் சுத்தினா போதும்னு நினைக்கிறவங்க கன்டெய்னரைத் தொறக்கும்போது பக்கத்துல நின்னு பாக்கணும். கேன் கழுத்துல ஒரு முடி அளவு விரிசல், அடியில ஒட்டுற மாதிரி குளம், கதவு ரப்பர் ஊறி உப்பி வெளிய பிதுங்கி நிக்கும்.

வெளியில நாலு பக்கமும் 250 மில்லிமீட்டர் பிளக்கார்டு, அதாவது பெரிய அபாய லேபிள். கடல் மாசுன்னா அந்த மீன் குறியும் நாலு பக்கம். போன சரக்கோட பழைய பிளக்கார்டு இருந்தா சுரண்டி எடுக்கணும், நிறைய பேரு அதை மறந்துடறாங்க. இதெல்லாம் முடிச்ச பிறகுதான் பேக்கிங் சர்டிபிகேட்ல கையெழுத்து. லோடு பண்ணின இடத்துல இருந்த ஆளுதான் போடணும். ஆபீஸ்ல உக்காந்துட்டு முன்தேதி போட்டு அனுப்பினா நான் வாங்கறதில்ல.

#8 புதுச்சரக்கு

எல்லோருக்கும் நன்றி. ரசாயனி மேடம் சொன்னபடி உற்பத்தியாளருக்கு எழுதினேன். மூடிய கோப்பை 43 என்று உறுதி செய்துவிட்டார்கள், பிரிவு 14-ஐத் திருத்தி அனுப்புவதாகவும் சொன்னார்கள். இரண்டு கன்டெய்னர் என்றதும் மேலாளர் முகம் வாடிவிட்டது.

இரண்டு கேள்விகள். எங்கள் திரவத்துக்கு எந்த யூ.என். எண்? ஒருவர் 1263 என்கிறார், ஒருவர் 1268, இன்னொருவர் 1993. அடுத்து, யார்டுராஜா அண்ணன் சொன்ன அந்த "வழி" என்ன?

#9 டிஜி_டெஸ்க்

எண்ணை முதலில் முடிப்போம். 1263 பெயின்டுக்கும் பெயின்டைச் சார்ந்த தின்னருக்கும். உங்களுடையது கிரீஸ் எடுப்பது, பெயின்டோடு சம்பந்தமில்லை. 1268 பெட்ரோலியப் பொருட்களுக்கு. மினரல் ஸ்பிரிட் மட்டும் இருந்தால் அதை யோசிக்கலாம், ஆனால் 30 சதவீதம் டி-லிமோனீன் பெட்ரோலியம் இல்லை. அதனால் பொதுப் பெயரான 1993-க்கு வந்து நிற்கிறோம்: ஃபிளேமபிள் லிக்விட், என்.ஓ.எஸ். (வேறெங்கும் குறிப்பிடப்படாதது). இந்த வகைப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அபாயத்துக்குக் காரணமான பொருட்களின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். மினரல் ஸ்பிரிட்ஸ், டி-லிமோனீன் என்று இரண்டும் போதும். உங்கள் பிராண்டு பெயர் அங்கே செல்லாது.

இப்போது வழி. லிமிடெட் குவான்டிட்டி, அதாவது சிறு கலன்களில் அனுப்பும் சரக்குக்கான சலுகை. 1993 குரூப் III-க்கு உள்கலன் ஒன்றுக்கு 5 லிட்டர் வரை. யூ.என். 2984-க்கும் அதே 5 லிட்டர். உள்கலனை ஒரு வெளிப்பெட்டிக்குள் வைத்து மொத்த எடை 30 கிலோவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். கிடைக்கும் சலுகைகள்: யூ.என். சோதனை முத்திரை உள்ள பெட்டி தேவையில்லை, தீச்சுடர் லேபிள் தேவையில்லை, மேலும் கீழும் கறுப்பாக இருக்கும் அந்த வைரக் குறி ஒன்று போதும். கலன் 5 லிட்டருக்கு மேற்படாததால் கடல் மாசு விதிகளும் விலகிவிடும், மீன் போய்விடும். லிமிடெட் குவான்டிட்டிக்குப் பிரிவினை அட்டவணையும் பொருந்தாது, ஆக ஒரே கன்டெய்னரில் இரண்டையும் ஏற்றலாம். ஒரே பெட்டிக்குள் மட்டும் வேண்டாம். கரிமத் திரவமும் பெராக்சைடும் கலந்தால் என்ன ஆகும் என்று ரசாயனியைக் கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் திரவம் லிட்டருக்கு 0.82 கிலோ என்று வைத்தால் 5 லிட்டர் 4.1 கிலோ. ஒரு பெட்டிக்கு ஆறு என்றால் 24.6. கேனும் அட்டையும் சேர்த்தாலும் 30-க்குள் நிற்கும். பெராக்சைடு தண்ணீரைவிடச் சற்றுக் கனம், அதில் ஆறு போட்டால் தாண்டிவிடும். நான்கோடு நிறுத்துங்கள்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 5 லிட்டர் கேனை அப்படியே பேலட்டில் அடுக்கினால் அது லிமிடெட் குவான்டிட்டி இல்லை. பெட்டிக்குள் இருக்க வேண்டும். அட்டைத் தட்டில் வைத்து ஷ்ரிங்க் பிலிம் போட்டால் வரம்பு 20 கிலோ. இன்னொன்று, லிமிடெட் குவான்டிட்டி என்றால் டிக்ளரேஷன் வேண்டாம் என்று நினைப்பது. சில நாடுகளின் சாலை விதியில் அப்படி. கடலில் டிக்ளரேஷன் உண்டு, கன்டெய்னருக்கு வெளியே நாலு பக்கமும் அதே கறுப்பு-வெள்ளைக் குறி 250 மில்லிமீட்டரில் உண்டு, பேக்கிங் சர்டிபிகேட் உண்டு. சர்சார்ஜ் லைனைப் பொறுத்தது. பலர் குறைத்துக்கொள்வார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

#10 யார்டுராஜா

சட்டம் ஒரே கன்டெய்னர்ல விடும். ஆனாலும் என் யார்டுல பெராக்சைடை ஒரு கோடியிலயும் கிரீஸ் திரவத்தை இன்னொரு கோடியிலயும்தான் வெப்பேன், ஸ்பிரேயர் பெட்டிங்க நடுவுல. இடம் இருக்கும்போது எதுக்கு வம்பு.

#11 விமானக்கூடு

ஸ்பிரேயர் பேட்டரியை யாரும் தொடவில்லை. நான் வான்வழிச் சரக்கை ஏற்கும் கவுன்டரில் இருப்பவள், அதனால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். மாற்று ஸ்பிரேயர் அவசரமாகக் கேட்டு விமானத்தில் அனுப்பும் நாள் எப்படியும் வரும்.

பேட்டரி மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. 100-க்குள் இருப்பதால் எளிதான பாதை. லித்தியம்-அயன் பேட்டரி உபகரணத்தோடு ஒரே பெட்டியில் போவதால் யூ.என். 3481. பேட்டரி மட்டும் தனியாகப் போனால் 3480, அது பயணிகள் விமானத்தில் சரக்காக 2016 ஏப்ரல் 1 முதல் தடை. உபகரணத்தோடு கட்டும் பேட்டரிக்கும் 2026 ஜனவரி 1 முதல் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, மிகச் சிறிய செல்கள் மட்டும் விலக்கு. "வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் ஓடட்டும்" என்று முழு சார்ஜில் கட்டுவது இனி வானத்தில் முடியாது.

யூ.என். 38.3 (லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புச் சோதனை) சோதனைச் சுருக்கத்தைப் பேட்டரி விற்றவரிடம் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். 2020-லிருந்து கேட்டால் தந்தாக வேண்டும். பேட்டரிக் குறியில் தொலைபேசி எண் போடும் விதி எடுபட்டுவிட்டது. பழைய ஸ்டிக்கரை 2026 டிசம்பர் 31 வரை தீர்க்கலாம். உப்பியது, கீழே விழுந்து நசுங்கியது, திரும்பி வந்த பழுதுப் பேட்டரி, இவை விமானத்துக்கு அறவே கிடையாது.

உங்கள் பெராக்சைடு கேனில் காற்றுப்போக்கி மூடி இருக்கிறதா? கடலில் அது வேண்டும், ஆக்சிஜன் வெளியேறாவிட்டால் கேன் உப்பும். விமானத்தில் அந்த மூடிக்கே அனுமதி இல்லை. கடலுக்குக் கட்டிய பெட்டியை அப்படியே எங்கள் கவுன்டருக்குக் கொண்டுவந்தால் திருப்பித்தான் அனுப்புவேன்.

"ஒண்ணும் வெடிக்கல" என்ற நண்பருக்கு: 1996 மே 11, வேல்யூஜெட் 592. காலாவதியான ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள், பாதுகாப்பு மூடி போடாமல், அட்டைப் பெட்டியில். தாளில் "காலி" என்று எழுதியிருந்தது. சரக்கு அறையில் தீ. 110 பேரும் இறந்தார்கள். ஏற்றியவர்கள் தாளைத்தான் நம்பினார்கள். நானும் தினமும் தாளைத்தான் நம்புகிறேன்.

#12 நெறியாளர்

பேட்டரி பற்றிய மற்ற கேள்விகளுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே புதுச்சரக்கின் ஆர்டரோடு நிற்போம்.

#13 டிரம்முக்காரர்

தாமதமாக வருகிறேன். கேன் தயாரிக்கும் இடத்தில் இருக்கிறேன். 5 லிட்டருக்கு மாறினாலும் இது பொருந்தும்.

டி-லிமோனீன் சாதாரண எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேனுக்கு நல்ல நண்பன் இல்லை. உடனே ஒன்றும் ஆகாது. சில வாரத்தில் பக்கச்சுவர் உள்வாங்கும், லேபிள் சுருங்கும், அடுக்கின் அடியில் இருக்கும் கேனின் தோள் மடங்கும். ஃபுளோரின் ஏற்றிய கேனோ உலோகக் கேனோ கேளுங்கள். வாங்குமுன் உங்கள் திரவத்தையே ஊற்றி வைத்துப் பாருங்கள். யூ.என். முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பதற்குக் கலன் தாங்க வேண்டும் என்பது விதி. லிமிடெட் குவான்டிட்டிக்கு அதிலிருந்து விலக்கு இல்லை.

20 லிட்டரில் அனுப்ப நேர்ந்தால் கேன் மேல் அச்சாகியிருக்கும் முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 3எச்1 என்றால் மேல்தட்டு கழற்ற முடியாத பிளாஸ்டிக் ஜெர்ரிகேன். அடுத்த எழுத்து எக்ஸ் என்றால் மூன்று குரூப்புக்கும், ஒய் என்றால் II, III, இசட் என்றால் III மட்டும். அதற்கடுத்த எண் திரவத்தின் அடர்த்தி வரம்பு, பிறகு கிலோபாஸ்கலில் அழுத்தச் சோதனை, பிறகு தயாரித்த ஆண்டு. மாதம் பெரும்பாலும் பக்கத்தில் கடிகாரம் போன்ற வட்டத்தில் அம்பு காட்டும். அந்தத் தேதியிலிருந்து 5 ஆண்டு. சில பொருளுக்கு இன்னும் குறைவு, 55 சதவீதத்துக்கு மேற்பட்ட நைட்ரிக் அமிலம் என்றால் 2 ஆண்டுதான். கிடங்கின் மூலையில் கிடந்த பழைய கேனை எடுத்து நிரப்புவதற்கு முன் அந்த அம்பைப் பாருங்கள்.

மூடியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு தாள் தருகிறோம். யாரும் படிப்பதில்லை. அதிகம் முறுக்கினாலும் வாஷர் பிதுங்கிக் கசியும்.

#14 சும்மாகேட்டேன்

5 லிட்டர் பெட்டிக் கணக்கு எனக்கும் ஒத்து வருது. என் சரக்கு ஃபிளாஷ் பாயின்ட் 19. அதுக்கும் இதே வழியா?

#15 டிஜி_டெஸ்க்

19 என்றால் குரூப் II. 1993-ல் உள்கலன் வரம்பு 1 லிட்டராக இறங்கிவிடும். உங்கள் வியாபாரத்துக்கு அது கட்டாது. யூ.என். முத்திரை உள்ள கேனில், முழு டி.ஜி.யாக அனுப்புங்கள். முதலில் அந்த "கிளீனிங் லிக்விட்" பெயரை மாற்றுங்கள்.

#16 புதுச்சரக்கு

வாங்குபவரிடம் பேசினோம். 20 லிட்டர் கேனைத் தூக்குவது அவர்களுக்கே தொல்லையாம், 5 லிட்டருக்குச் சம்மதித்துவிட்டார்கள். கிரீஸ் திரவம் உலோகக் கேனில், பெட்டிக்கு ஆறு. பெராக்சைடு காற்றுப்போக்கி மூடியோடு, பெட்டிக்கு நான்கு. டிக்ளரேஷனில் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

யூ.என். 1993, ஃபிளேமபிள் லிக்விட், என்.ஓ.எஸ்., 3, பேக்கிங் குரூப் III. அட்டைப் பெட்டி 60, ஒவ்வொன்றிலும் 5 லிட்டர் கேன் 6.

யூ.என். 2984, ஹைட்ரஜன் பெராக்சைடு, அக்வஸ் சொல்யூஷன், 5.1, பேக்கிங் குரூப் III. அட்டைப் பெட்டி 40, ஒவ்வொன்றிலும் 5 லிட்டர் கேன் 4.

ஸ்பிரேயருக்கு யூ.என். 3481 குறியைப் பெட்டியில் ஒட்டியாயிற்று.

#17 டிஜி_டெஸ்க்

வரிசை சரி: எண், பெயர், வகுப்பு, குரூப். அதை மாற்றி எழுதினால் லைன் திருப்பி அனுப்பும்.

விட்டுப்போனவை: முதல் வரியில் என்.ஓ.எஸ்.-க்குப் பின் அடைப்புக்குறிக்குள் மினரல் ஸ்பிரிட்ஸ், டி-லிமோனீன். அதே வரியில் ஃபிளாஷ் பாயின்ட் 43°C, மூடிய கோப்பை. இரண்டு வரியிலும் "லிமிடெட் குவான்டிட்டி" என்ற சொல். இரண்டிலும் மொத்த அளவு, முதலாவது 1,800 லிட்டர், இரண்டாவது 800, மொத்த எடையும் சேர்த்து. அவசரத் தொடர்பு எண்ணை லைன் கேட்கும். அந்த எண்ணை எடுப்பவருக்குச் சரக்கு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், வரவேற்பு மேசை எண் வேண்டாம்.

கையெழுத்துப் போடுபவர் ஐ.எம்.டி.ஜி. பயிற்சி எடுத்தவரா? அவர் பெயரும் பதவியும் தெளிவாக வர வேண்டும். திருத்திய எஸ்.டி.எஸ். வந்ததும் பழையதைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பொருளின் தாளையும் டிக்ளரேஷனோடு ஃபார்வர்டருக்கு அனுப்புங்கள். மற்றபடி புக்கிங் கேட்கலாம்.

#18 புதுச்சரக்கு

திருத்திவிட்டேன். பயிற்சி எடுத்தவர் எங்களிடம் யாரும் இல்லை, நானும் கிடங்குப் பொறுப்பாளரும் அடுத்த வாரம் சேர்கிறோம். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்து என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். கப்பல் அதற்கடுத்ததில்.